கைப்பிடி மேலே நின்ற பதினெட்டு நாள்

மார்ச் 2

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

பாப்பாவும் நானும் இங்கே அப்பா வீட்டில் நலம். அத்தையின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று எழுதவும்.

ஒரு விஷயம் கேட்கத்தான் எழுதுகிறேன். போன வாரம் ஒரு நர்ஸ் அம்மா விலாசம் விசாரித்துக்கொண்டு இங்கே வந்தார். இவர் விழுந்த அன்று அந்த பஸ்ஸில் கடைசியாக ஏறியவர் அந்த அம்மாதானாம். இரண்டு கையிலும் மருந்துப் பெட்டி இருந்ததால் படியிலேயே நின்றுவிட்டாராம். உங்கள் மகன்தான் அவருக்காகப் படிக்கு இறங்கி வந்து டிக்கெட் போட்டிருக்கிறார். “ஒரு கையில மெஷினு, இன்னொரு கை சுத்திட்டு இருந்துது. வண்டி வளைஞ்சுது. பிடிச்சுக்கறதுக்கு அவருக்கு ஏதும்மா கை?” என்றார்.

இதை விசாரணையிலும் சொல்லியிருக்கிறார். டிக்கெட்டைக் காட்டுங்கள் என்றார்களாம். அது அவர் கைக்கு வரவே இல்லை. டிக்கெட் இல்லாத பயணியின் வார்த்தையை எழுதிக்கொள்ள முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். டிரைவர் சொன்னது மட்டும் நிற்கிறது: கண்டக்டர் படியில் சும்மா நின்று வெளியே வேடிக்கை பார்த்தார், விழுந்தார்.

கைப்பிடியைப் பாதி சுற்றி விட்டுவிட்டால் மெஷின் அப்படியே நின்றுவிடும், தானாகத் திரும்பாது என்று இவர் ஒருமுறை எனக்குச் சொல்லியிருக்கிறார். டிப்போவின் எல்லா டிக்கெட் மெஷினும் உங்கள் மேஜைக்குத்தான் வருகின்றன. அவருடைய மெஷின் வந்தபோது கைப்பிடி எங்கே நின்றது? எனக்கு அது ஒன்று தெரிந்தால் போதும்.

அன்று வீட்டில் நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. அதைப் பற்றி எழுதவும் வரவில்லை.

இப்படிக்கு,
மருமகள்

மார்ச் 7

அன்புள்ள மருமகளுக்கு மாமா எழுதுவது.

கடிதம் கிடைத்தது. உன் கையெழுத்து அச்சுக் கோத்த மாதிரி இருக்கிறது. என்னுடையதைப் பார்த்துப் பயப்படாதே, அது எட்டாம் வகுப்போடு வளர்வதை நிறுத்திக்கொண்டது. உன் அத்தைக்கு முழங்கால் வலி இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். கேட்டால் “இருக்கு” என்கிறாள். இட்லி வேணுமா என்று கேட்டாலும் அதே குரலில் “இருக்கு” என்கிறாள். ரேடியோவைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்திருக்கிறாள். நேற்று ஒரு மணி நேரம் வெறும் இரைச்சல் ஓடியது. இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

மெஷினைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். முப்பத்தொரு வருஷத்தில் வீட்டு ஆள் ஒருவர் என் வேலையைப் பற்றிக் கேட்டது இதுதான் முதல் தடவை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கழுத்தில் தொங்கும் அந்தப் பெட்டிக்குள் நூற்று முப்பத்து நாலு சாமான் இருக்கிறது. வெள்ளைக் காகித ரோல் ஒன்று, எழுத்துகள் உள்ள உருளை ஒன்று, அதற்கு மை தடவும் சின்ன உருளை ஒன்று, எண்ணிக்கைச் சக்கரம். வலது பக்கம் கைப்பிடி. சும்மா இருக்கும்போது அது கீழே தொங்கும். ஒரு முழுச் சுற்றுக்கு ஒரு டிக்கெட். கைப்பிடி மேலே போகும்போது டிக்கெட்டின் பாதி அச்சாகும், கீழே இறங்கும்போது மீதி.

இதில் புத்தி உள்ள சாமான் ஒன்றே ஒன்று. பல் சக்கரத்தின் மேல் ஸ்பிரிங் வைத்த ஒரு நாக்கு உட்கார்ந்திருக்கும். கைப்பிடி நகர ஆரம்பித்ததும் அது பல் பல்லாக விழுந்துகொண்டே வரும், டக் டக்கென்று. அப்புறம் பின்னால் திருப்ப முடியாது. சுற்றி முடிக்கும் வரை நிறுத்தத்தின் எண்ணை மாற்ற முடியாது, மூடியும் திறக்காது. ஆரம்பித்த டிக்கெட்டை முடித்தே தீர வேண்டும். பாதியில் மனசு மாறினால் என்ன செய்வது என்று இதைக் கண்டுபிடித்தவன் யோசிக்கவே இல்லை. கல்யாணம் ஆனவனாக இருந்திருப்பான். புதுக் கண்டக்டர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது இதைச் சொல்வேன், சிரிப்பார்கள். இப்போது எழுதிப் பார்த்தால் அவ்வளவு சிரிப்பாக இல்லை.

நீ கேட்டது. மெஷின்கள் தட்டுத் தட்டாக வரும் அம்மா. எனக்கும் வயசாகிவிட்டது. எது எப்படி நின்றது என்று ஞாபகம் இல்லை.

பாப்பாவைக் கேட்டதாகச் சொல்லவும்.

மாமா

மார்ச் 12

மாமாவுக்கு,

மெஷினைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். நான் கேட்டதற்கு ஒரு வரி. எந்த மெஷினுக்கு எந்த வருஷம் ஸ்பிரிங் மாற்றினீர்கள் என்று சாப்பிடும்போது சொல்கிற மனிதர் நீங்கள். அவருடைய 417-க்கு வைத்த ஸ்பிரிங் வண்டிப் பட்டறையிலிருந்து வாங்கியது என்று எனக்கே தெரியும்.

நேற்று விசாரணை அறிக்கையின் நகல் தபாலில் வந்தது. நாலாவது பத்தியை அப்படியே எழுதுகிறேன்:

“மெஷின் எண் 417 விபத்து நடந்த ஜனவரி 20 முதல் பதினெட்டு நாட்கள் அலுவலகப் பெட்டியில் வைக்கப்பட்டு, பிப்ரவரி 7 அன்று பழுதுபார்க்கும் பிரிவுக்கு அனுப்பப்பட்டது. பிரிவின் பதிவேட்டின்படி கைப்பிடி இயல்பான நிலையில் இருந்தது. ஆகவே விபத்தின்போது கண்டக்டர் டிக்கெட் வழங்கிக்கொண்டிருந்தார் என்பதற்கு ஆதாரம் இல்லை. கண்டக்டரின் கவனக்குறைவே காரணம்.”

கவனக்குறைவு என்று இருந்தால் அவர் இடத்தில் எனக்கு வேலை கிடையாது. அதைவிட, பாப்பா படிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள். ஒரு நாள் இதையும் படிப்பாள்.

அந்தப் பதிவேட்டை எழுதுவது நீங்கள். ஞாபகம் இல்லாதவர் எப்படி எழுதினீர்கள்?

மருமகள்

மார்ச் 17

அம்மா,

நாலு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். அந்த நாலிலும் ஏதாவது ஒரு வேடிக்கை வந்து நுழைந்துவிட்டது.

என் மேஜையில் வேலை நடக்கும் விதத்தை முதலில் சொல்ல வேண்டும். தட்டில் ஏழு மெஷின் வரும். ஒவ்வொன்றையும் இடது கையால் எடுப்பேன். எடுத்த அந்த நொடியே வலது கை கைப்பிடிக்குப் போகும். அது எங்கே நின்றாலும் கீழே கொண்டுவந்துவிடும். கீழே வராமல் மூடி திறக்காது, மூடி திறக்காமல் வேலை இல்லை. நான் நினைத்துச் செய்வது கிடையாது, கை செய்யும். அதற்கு அப்புறம்தான் அடியில் உள்ள எண்ணைப் பார்ப்பேன், அது பதிவேட்டுக்காக.

அன்று ஏழாவதாக எடுத்தேன். கை செய்தது. டக் டக்கென்று இறங்கி ஒரு டிக்கெட் வெளியே வந்தது. நானும் அதைக் கிழித்துக் குப்பைக்கூடைக்குக் கொண்டுபோனேன். அப்புறம்தான் மெஷினைத் திருப்பினேன். 417.

கைப்பிடி மேலே நின்றிருந்தது அம்மா. உச்சியில். எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் கை இறங்க மட்டுமே செய்தது, ஏறவில்லை.

அன்று மெஷின்கள் வரும் என்று தெரியும், அவனுடையது அந்தத் தட்டில் இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. அந்த டிக்கெட்டைக் கூடையில் போடாமல் என் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் வைத்துக்கொண்டேன். அப்புறம் பதிவேடு எழுதினேன். ‘கைப்பிடி’ என்று ஒரு கட்டம் உண்டு. முதல் மெஷினுக்கு ‘சரி’ என்று எழுதுவேன். மீதி ஆறுக்கும் டிட்டோ. முப்பத்தொரு வருஷமாக அப்படித்தான். அவனுடைய மெஷினுக்கு நான் ‘சரி’ என்றுகூட எழுதவில்லை. இரண்டு சின்னக் கோடு, அவ்வளவுதான். அந்த இரண்டு கோட்டை வைத்துத்தான் நாலாவது பத்தி எழுதியிருக்கிறார்கள்.

மறுநாளே சொல்லியிருக்கலாம். அதற்கு மறுநாளும். மூன்றாம் நாள் மெஷின் ஸ்டோருக்குத் திரும்பிப் போய்விட்டது. கேட்டால் “நீ ஏன் சுத்துன?” என்பார்கள். அதற்குப் பதில் என்னிடம் இல்லை. நீ கேட்டபோதும் இல்லை.

டிக்கெட்டில் 06-லிருந்து 11 என்று இருக்கிறது. பதினொன்று ஆஸ்பத்திரி நிறுத்தம். உன் நர்ஸ் அம்மா சொன்னது நிஜம்.

மாமா

மார்ச் 22

மாமாவுக்கு,

படித்தேன். இரண்டு நாள் எதுவும் தோன்றவில்லை. துவைத்த துணியையே மறுபடி துவைத்திருக்கிறேன், அம்மா சொல்லித்தான் தெரிந்தது.

கை செய்தது என்கிறீர்கள். அதை நம்புகிறேன். ஆனால் நாற்பது நாள் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்திருந்தது கை இல்லை.

அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது மணி நாலரை. கூடத்தில் அத்தனை பேர். உங்கள் கூட வேலை செய்பவர் ஒருவர் உங்கள் தோளைப் பிடித்தார். நீங்கள் சொன்னீர்கள்: “வேலைக்குச் சேர்ந்த நாளா இன்னிக்குத்தான் நேரத்துக்கு வீட்டுக்கு வந்திருக்கான்.” இரண்டு பேர் சிரித்தும்விட்டார்கள். நான் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தேன். அன்றே இந்த வீட்டில் இனி இருக்க முடியாது என்று முடிவு செய்தேன். அதுவும் வாய் தானாகச் செய்தது என்பீர்கள்.

டிக்கெட்டை எடுத்துக்கொண்டு மேலாளரிடம் போங்கள். எனக்கு அனுப்ப வேண்டாம். என்னிடம் இருந்தால் அதற்கு மதிப்பில்லை.

மருமகள்

மார்ச் 30

அன்புள்ள மருமகளுக்கு,

போனேன். வெள்ளிக்கிழமை. சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன், எதற்கென்று தெரியவில்லை.

மேலாளர் நம் பையனைவிட நாலைந்து வயது பெரியவர், அவ்வளவுதான். டிக்கெட்டை அவர் மேஜைமேல் வைத்தேன்.

“இது என்ன?”

“டிக்கெட் சார்.”

“அது தெரியுது. எங்க இருந்துச்சு?”

“என் கண்ணாடிக் கூட்டுல.”

“அங்க ஏன் வச்சீங்க?”

“வேற எங்க வைக்கிறதுன்னு தெரியல சார்.”

எல்லாவற்றையும் சொன்னேன். உன்னிடம் சொன்னதைவிட ஒழுங்காகச் சொன்னேன், ஒத்திகை பார்த்திருந்ததால். அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளி உட்கார்ந்தார்.

“மெஷின் உங்க கையில. மை உங்க கையில. போனது உங்க புள்ள. நீங்களே பின்னால போட்ட டிக்கெட் இல்லன்னு நான் எப்படி நம்புறது?”

“உங்க எடத்துல நான் இருந்தாலும் நம்ப மாட்டேன் சார்.”

“அப்ப எதுக்கு வந்தீங்க?”

அப்போதுதான் அந்த டிக்கெட்டை நானே முதல் தடவையாக வெளிச்சத்தில் ஒழுங்காகப் பார்த்தேன். இத்தனை நாளும் கூட்டுக்குள் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்ப்பேன். மேல் பாதி நல்ல கறுப்பு. நடுவில் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு, தீக்குச்சி அகலம், பின்பக்கம் வரை ஊறியிருக்கிறது. கீழ்ப் பாதி வெளிறிப்போய் இருக்கிறது.

எழுத்து உருளை காகிதத்தை அழுத்தியபடி நடுவில் நின்றுவிட்டால் மை அந்த ஒரே இடத்தில் ஊறும். நாளாக ஆக அகலமாகும். மீதி மை காய்ந்துவிடும், அதனால் அப்புறம் சுற்றினால் கீழ்ப் பாதி மங்கும். இது எனக்கு முப்பத்தொரு வருஷமாகத் தெரிந்த விஷயம். கண்டக்டர்கள் பாதியில் விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனால் திங்கட்கிழமை முடி மாதிரி ஒரு கோடு விழுந்திருக்கும், திட்டுவேன். கண் முன்னால் இருந்தது, எனக்குப் பார்க்க வரவில்லை.

“சார், 417 என் மேஜையில இருந்தது மூணே நாள்தான். ஸ்டோர் பதிவேட்டுல இருக்கு. இந்த டிக்கெட்டுக்கு அடுத்த எண்ணுலேர்ந்துதான் நான் சோதிச்ச டிக்கெட் எல்லாம். அதையும் ஸ்டோர்ல எழுதியிருக்காங்க. மூணு நாள்ல இவ்வளவு கோடு வராது.”

“வராதுன்னு நீங்க சொல்றீங்க.”

“நான் சொல்ல வேணாம். மெஷின் சொல்லட்டும்.”

ஸ்டோரிலிருந்து அதே மாதிரி இரண்டு மெஷின் வரவழைத்தார். அதே மை. இரண்டிலும் கைப்பிடியை உச்சியில் நிறுத்தினேன். அவருடைய இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை அவர் பையில் போட்டுக்கொண்டார். ஒன்றை மூன்றாம் நாள் எடுப்பது, இன்னொன்றைப் பதினெட்டாம் நாள். சுற்றப்போவது அவரே. நான் தொடக்கூடாது. “உங்க கையை நம்ப முடியாது” என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

வாய் தானாகச் செய்தது என்று நான் சொல்ல மாட்டேன் அம்மா. அந்த ஆள் தோளைப் பிடித்ததும் ஏதாவது சொல்லாவிட்டால் கீழே விழுந்துவிடுவேன் போல இருந்தது. கைக்குக் கிடைத்ததைப் பிடித்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் நீ இருப்பது தெரியாது. தெரிந்திருந்தாலும் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை.

மாமா

ஏப்ரல் 6

மாமாவுக்கு,

மூன்றாம் நாள் எடுத்ததில் என்ன வந்தது என்று எழுதவில்லை.

நர்ஸ் அம்மாவிடம் சொன்னேன். மறுபடி கூப்பிட்டால் வருகிறேன் என்றார். அந்த டிக்கெட்டுக்கு உரிய பணத்தை இன்னும் தான் கொடுக்கவில்லையே என்று வருத்தப்பட்டார்.

பாப்பாவுக்கு இரண்டு நாள் காய்ச்சல், இப்போது சரி. அத்தையிடம் சொல்ல வேண்டாம்.

மருமகள்

ஏப்ரல் 10

அன்புள்ள மருமகளுக்கு,

மூன்றாம் நாள் முடி மாதிரி ஒரு கோடுதான். மேலாளர் அதை ஒரு கவரில் போட்டு ஒட்டிவிட்டார். என் முகத்தை அவர் பார்த்தார், நான் அலமாரியைப் பார்த்தேன்.

பதினெட்டாம் நாளுக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது. தினமும் வேலைக்குப் போகிறேன், எடுக்கிறேன், கை கீழே கொண்டுவருகிறது. இப்போது எடுப்பதற்கு முன்னால் எண்ணைப் பார்க்கிறேன். அதனால் ஒரு நாளைக்கு ஏழு முடிக்கிற இடத்தில் ஐந்துதான் முடிகிறது. யாரும் கேட்கவில்லை. நேற்று பஸ்ஸில் என் நிறுத்தத்தைத் தாண்டி மூன்று நிறுத்தம் போய்விட்டேன். கண்டக்டர் தெரிந்தவன், எதிர் வண்டியில் ஏற்றிவிட்டான்.

காய்ச்சலைப் பற்றி உன் அத்தையிடம் சொல்லவில்லை. கடிதத்தை அவளே எடுத்துப் படித்துவிட்டாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் ரேடியோவை நிறுத்திவிட்டு, “தலைக்குத் தண்ணி ஊத்திடப் போறா, ரெண்டு நாள் போகட்டும்னு எழுதுங்க” என்றாள். எழுதிவிட்டேன்.

மாமா

ஏப்ரல் 21

அன்புள்ள மருமகளுக்கு,

முடிவை முதலில் சொல்கிறேன், நீ கடைசி வரியைத் தேடிப் போக வேண்டாம். அறிக்கையைத் திருத்துகிறார்கள்.

பதினாறாம் தேதி காலை பத்து மணி. மேலாளர், ஸ்டோர்காரர், உன் நர்ஸ் அம்மா, நான். டிரைவரையும் கூப்பிட்டிருந்தார்கள். அவன் ஜன்னல் பக்கம் நின்றான். மேலாளர் அலமாரியைத் திறந்து மெஷினை எடுத்தார். அவருக்குப் பிடிக்கத் தெரியவில்லை, குழந்தையைப் புதிதாகத் தூக்குகிறவர் மாதிரி பிடித்தார். “எந்தப் பக்கம் சுத்தணும்?” என்று கேட்டார். “ஒரே பக்கம்தான் சார் சுத்தும்” என்றேன்.

சுற்றினார். டிக்கெட் வந்தது. நம் பையனுடைய டிக்கெட்டை அதன் பக்கத்தில் வைத்தார். ஸ்டோர்காரர் தீக்குச்சி ஒன்றை எடுத்து இரண்டு கோட்டின் மேலும் வைத்துப் பார்த்தார். சரியாக மூடியது. மூன்று நாள் டிக்கெட்டையும் கவரிலிருந்து எடுத்து வைத்தார்கள்.

மேலாளர் டிரைவரைப் பார்த்தார். “சும்மா நின்னாருன்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க.”

“கண்ணாடியில முதுகு மட்டுந்தான் சார் தெரிஞ்சுது. கை தெரியல.”

அவன் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. முதுகை வைத்துப் பார்த்தால் சும்மா நிற்பவனும் டிக்கெட் போடுகிறவனும் ஒன்றுதான்.

நர்ஸ் அம்மா சொன்னதை இந்தத் தடவை எழுதிக்கொண்டார்கள். அவர் கைப்பையிலிருந்து சில்லறை எடுத்து மேஜைமேல் வைத்தார். மேலாளர் வேண்டாம் என்றார். “டிக்கெட் வந்துடுச்சில்ல சார்” என்றார் அந்த அம்மா. மேலாளர் அதை வாங்கிக்கொண்டார்.

எல்லோரும் போன பிறகு என்னை மட்டும் நிறுத்தினார்.

“உங்க பதிவேட்டை நம்பித்தான் நான் அந்த அறிக்கைய எழுதினேன். இப்ப நான் என்ன எழுதுறது?”

“நடந்ததை எழுதுங்க சார்.”

“எழுதினா உங்க மேல வரும். ஓய்வுக்கு எவ்வளவு இருக்கு?”

“பதினாலு மாசம்.”

“இந்த வருஷ சம்பள உயர்வு போயிடும். சர்வீஸ் புத்தகத்துல ஏறும்.”

“ஏறட்டும் சார்.”

புதிய அறிக்கையில் நாலாவது பத்தி இது. நகல் எடுத்து வைத்திருக்கிறேன், உனக்கும் வரும்: “விபத்தின்போது கண்டக்டர் பணியில் இருந்தார். பயணிக்கு டிக்கெட் வழங்கிக்கொண்டிருந்தார். பழுதுபார்ப்பவரின் கவனக்குறைவால் கைப்பிடியின் நிலை தவறாகப் பதிவு செய்யப்பட்டது.”

அந்த வார்த்தை எங்கும் போய்விடவில்லை. நம் வீட்டிலேயேதான் இருக்கிறது, ஆள் மட்டும் மாறியிருக்கிறது. எனக்கு அது பொருத்தமாகத்தான் இருக்கிறது, அளவெடுத்துத் தைத்த மாதிரி.

டிக்கெட்டைக் கோப்பில் வைத்துக்கொண்டார்கள். நீ கேட்டிருந்தாலும் வாங்கித் தந்திருக்க முடியாது. வெளியே வந்து வெகுநேரம் கண்ணாடிக் கூட்டைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். கண்ணாடியை மூக்கில்தான் போட்டிருந்தேன்.

வேலை விஷயமாக உனக்குத் தனியாகக் கடிதம் வரும் என்றார்கள்.

மாமா

ஏப்ரல் 29

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன, அறிக்கையும் வேலை உத்தரவும். அறிக்கையை மூன்று தடவை படித்தேன். அழுகை வரும் என்று அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வரவில்லை. அம்மாவுக்காகவாவது வந்திருக்கலாம்.

அன்று மணி நாலரை என்று எழுதியிருந்தேன் அல்லவா. இங்கே தினமும் நாலரைக்கு வாசல் பக்கம் பார்க்கிறேன். ஐந்து வருஷத்தில் அந்த நேரத்துக்கு அவர் ஒரு நாளும் வீட்டுக்கு வந்ததில்லை. நீங்கள் சொன்னது சரிதான். அதை நான் சொல்லியிருக்க வேண்டும் போல இருக்கிறது. நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

பதினோராம் தேதி சேரச் சொல்லியிருக்கிறார்கள். பாப்பாவுக்குப் படுக்க ஜன்னல் பக்கம் வேண்டுமாம். எங்கள் அறையில் அத்தை வைத்திருக்கும் பெட்டிகளை எடுத்துவிடச் சொல்லவும்.

உத்தரவில் எந்தப் பிரிவு என்று போட்டிருக்கிறார்கள். டிக்கெட் மெஷின் பிரிவு, பதிவேடு சரிபார்ப்பவர். நீங்கள் எழுதுவதைத் தினமும் மாலை படித்துக் கையெழுத்துப் போட வேண்டியது நான்.

கைப்பிடி என்ற கட்டத்தில் டிட்டோ போட வேண்டாம். ஏழு மெஷினுக்கும் ஏழு தடவை எழுதுங்கள். கையெழுத்து எப்படி இருந்தாலும் நான் படித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மருமகள்